பெரிய ராட்டினக் கம்பெனி அடுத்து எங்கே?

அளவு நாடாவின் ஒரு முனையைத் தரகர் கொல்லைச் சுவரில் அழுத்திப் பிடித்திருந்தார். மறுமுனை, வீடு வாங்க வந்தவரின் கையில். நடுவில், பிள்ளைகள் ஏறிச் சுற்றுகிற ஒரு பழைய இரும்பு ராட்டினம் நின்றுகொண்டிருந்ததால் நாடா நேராக ஓட மறுத்தது.

"இதை எடுத்துடலாம் இல்ல?" என்றார் வாங்க வந்தவர்.

"அதுக்கென்ன. பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டா அறுத்து ஏத்திட்டுப் போயிடுவான்," என்றார் தரகர்.

'அறுத்து' என்ற சொல்லைக் கேட்டதும், வீட்டுக்குச் சொந்தக்காரர்களில் ஒருவரான மைக்காரர் ராட்டினத்தை ஒட்டி வந்து நின்றார்.

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது புறப்படுகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. அதனால் ஊருக்கே அவர் மைக்காரர். அந்தக் குரலுக்கு ஒரு மகிமை இருந்தது. அவர் சொல்லிவிட்டால் வண்டி வந்தே தீரும் என்று ஜனங்கள் நம்பினார்கள். வராத வண்டிக்குக்கூட, மைக்காரரே சொல்லிவிட்டாரே என்று மூட்டை முடிச்சோடு காத்து நின்றவர்கள் உண்டு.

பெற்றவர்கள் போன பிறகு அந்த வீடு பூட்டியே கிடந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். மாடிக் குடித்தனம், முழங்கால் வலியோடு படியேறி இறங்குகிறவள். தம்பி செல்போன் கடை வைத்திருந்தான். வாடகை இடம். கட்டிடக்காரர் எப்போது காலி பண்ணச் சொல்வாரோ என்ற பயத்திலேயே காலத்தை ஓட்டுகிறவன். வீட்டை விற்றால் இரண்டு பேருக்கும் மூச்சு விட முடியும். நாம் குறுக்கே நிற்பது அழகில்லை என்றுதான் மைக்காரரும் தரகர் கேட்டபோது தலையாட்டியிருந்தார். ஆட்டியபோது சுலபமாகத்தான் இருந்தது.

இப்போது அக்காவைப் பார்த்தார். அக்கா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்தார். அவன் போனுக்குள் தலையைக் கொடுத்திருந்தான்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் மைக்காரர். "இப்ப விக்கிறது புத்திசாலித்தனம் இல்லை."

"ஏன்டா பெரியவனே?" என்றாள் அக்கா.

ஏன் என்பதை அவர் இன்னும் யோசித்திருக்கவில்லை. காலையில் பத்திரிகையில் படித்த ஒரு செய்திதான் நாக்கில் வந்து நின்றது. தேசம் தேசமாகக் கோட்டை கட்டி ராட்டினம் விடுகிற அந்தப் பெரிய பொழுதுபோக்குப் பூங்கா கம்பெனி அடுத்து எங்கே கால் வைக்கும் என்று ஆளாளுக்கு ஊகம் எழுதியிருந்தார்கள். ஒருவர் கடலோரம் என்றார். ஒருவர் விமான நிலையத்துக்குப் பக்கம் என்றார். இன்னொருவர், மழை குறைவாகப் பெய்கிற ஊராகப் பார்த்துத்தான் வருவார்கள் என்று அடித்துச் சொல்லியிருந்தார். இந்த ஊரை யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு எந்த முகாந்திரமும் இல்லை.

"அந்தப் பெரிய ராட்டினக் கம்பெனி அடுத்தது நம்ம ஊருக்குத்தான் வருது," என்றார் மைக்காரர். வேலை செய்கிற குரலிலேயே சொல்லிவிட்டார்.

நாடா சர்ரென்று சுருண்டு தரகரின் கைக்குள் போய் ஒளிந்துகொண்டது. வாங்க வந்தவர் ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு, "அப்படின்னா பேசினதைவிடக் கூடவே தர்றேன், இப்பவே முடிச்சிடலாம்," என்றார்.

தடுக்கப் போட்ட தடுப்பு ஏணியாகிப் போனது. மைக்காரர் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"இல்லை இல்லை. இந்தப் பக்கம் இல்லை. ஊருக்கு வெளியே, பழைய செங்கல் சூளை இருக்கே, அங்க."

வாங்க வந்தவர் அக்காவிடமோ தம்பியிடமோ சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. வண்டியைச் சூளைப் பக்கம் விட்டார்.

மைக்காரர் மெல்ல மூச்சு விட்டார். ராட்டினம் தப்பித்தது. ஒரு சின்னப் பொய், அதுவும் ஊருக்கு வெளியே போய்விட்டது. அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி வாசலிலேயே நின்றாள். "ஏங்க, சூளைக்கு முன்பக்கமா வருதா, பின்பக்கமா வருதா?"

"எது?"

"என்கிட்டயே மறைக்கிறீங்க பாருங்க. எதிர்வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

மறுநாள் பேருந்து நிலையத்தில் அவருடைய கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் கூட்டம். யாரும் வண்டி கேட்கவில்லை. சூளைக்கு எந்த வண்டி போகும் என்று கேட்டார்கள். சூளைக்கு எந்த வண்டியும் போகாது, புகை நின்று காலம் ஆகிவிட்டது, ஆடுகள்தான் போகும். இருந்தும் ஜனங்கள் போனார்கள். நடந்து போனார்கள், சைக்கிளில் போனார்கள், குடும்பத்தோடு போய் நின்று, "கோட்டை இங்க வந்தா நிழல் அங்க விழும்" என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டார்கள். சூளையின் சொந்தக்காரர் எங்கிருந்தோ வந்து முள்கம்பி போட்டார். அங்கே பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் மைதானம் போன துக்கத்தில் மைக்காரரின் கூண்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "சூளை இல்லையாம். ஏரிக்கு அந்தப் பக்கமாம்," என்று சொல்லி வைத்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் வெறும் பாறை. அங்கே யாரும் விளையாடவும் இல்லை, கம்பி போடவும் முடியாது.

ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. முதலில் மைக்காரர் வீட்டுக் கொல்லை என்றார்கள், பிறகு சூளை என்றார்கள், இப்போது ஏரி என்கிறார்கள். மூன்றையும் கோடு போட்டு இணைத்துப் பார்த்த முடிதிருத்துகிறவர், "அட, அவ்வளவு பெருசா?" என்று கத்தரியை நிறுத்தினார். அன்று அவர் கடையில் பாதி வெட்டிய தலையோடு எழுந்து ஓடியவர்கள் இருந்தார்கள்.

அதன் பிறகு ஊரில் யாரும் எதையும் விற்கவில்லை. காலி மனை வைத்திருந்தவர் மனையை விற்கவில்லை. இடிந்த வீடு வைத்திருந்தவர், இடிந்தது இடிந்தபடியே இருக்கட்டும் என்று காவல் காத்தார். ஓடாத வண்டியைத் தள்ளிவிட நினைத்தவர்கூட, சுற்றிக் காட்ட உதவும் என்று துடைத்து வைத்தார். வாங்க ஆள் இருந்தது, விற்க ஆள் இல்லை. தரகர் தன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மைக்காரர் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

"எல்லாம் நானே கிளப்பிவிட்டது," என்று ஒருநாள் மனைவியிடம் ஒப்புக்கொண்டார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கிளப்பின வாயாலேயே இல்லைன்னு சொல்லிடுங்களேன்."

"சொன்னேன். யாரும் நம்பலை."

"கூண்டுக்கு வெளியே சொல்லியிருப்பீங்க. மைக்குல சொல்லுங்க. நீங்க மைக்குல சொல்லி யாரு நம்பாம இருந்திருக்காங்க?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் நிலையம் நிரம்பியிருந்த நேரமாகப் பார்த்து, இரண்டு வண்டி அறிவிப்புகளுக்கு நடுவே மைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பெரிய ராட்டினக் கம்பெனி எதுவும் நமது ஊருக்கு வரவில்லை. வரும் என்று பரவும் செய்தியை யாரும் நம்ப வேண்டாம்."

ஒரு ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். பிறகு எங்கிருந்தோ ஒரு பெரியவர் நிதானமாகச் சொன்னார்.

"மறுப்பு அறிக்கையே விட்டுட்டாங்களா? அப்ப கையெழுத்து ஆயிடுச்சு."

மாலைக்குள் ஊரே வெள்ளையடிக்க ஆரம்பித்தது.

நிலைய மேலாளர் மைக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே போய் நின்றார். மேலாளர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அரசாங்க மைக்குல சொந்த விஷயம் பேசறது தப்பு. அது இருக்கட்டும். என் மச்சினனுக்கு ஏரிப் பக்கம் கொஞ்சம் பாறை இருக்கு. வச்சிருக்கச் சொல்லட்டுமா?"

இத்தனைக்குப் பிறகும் எங்கேயாவது ஓரிடத்தில் பேச்சு ஓய்ந்துவிடும் என்றுதான் மைக்காரர் நம்பியிருந்தார். ஆனால் அடங்கப் போகிற நேரம் பார்த்து யாராவது விறகைத் தள்ளிவிட்டார்கள். வேறு யாருமில்லை, கூடப் பிறந்தவர்களே. தம்பி தன் கடையில், "வெளிநாட்டுக்காரங்க நாலு பேரு வந்து சிம் கார்டு வாங்கிட்டுப் போனாங்க. கையில வரைபடம் வச்சிருந்தாங்க," என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. அக்கா ஆஸ்பத்திரியில், "கூட்டம் வரும்னுதான் படுக்கை எண்ணிக்கையைக் கூட்டப் போறாங்களாம்," என்று சொன்னாளாம். நர்ஸ் சொன்னால் அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

பாவிகள், இவ்வளவு நம்பிக்கையா என் மேல், என்று மைக்காரர் நொந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். "வீட்டுக்கு வாடா. சின்னவனும் வர்றான். கம்பெனிக்காரங்க வந்தா கொல்லை இப்படியா கிடக்கிறது? புல்லையாவது பிடுங்கிப் போடலாம்."

போனார். தம்பி ஏற்கெனவே சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அக்கா துவைக்கிற கல்லில் காலை நீட்டி உட்கார்ந்து அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

ராட்டினத்தைச் சுற்றியிருந்த புல் போனதும் அது கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது. அவர்களுடைய அப்பா பட்டறையில் வெல்டர். ஊருக்கு ராட்டினத்தோடு ஒரு பெரிய பொருட்காட்சி வந்த வருஷம், கிளம்புகிற அன்று பார்த்துத் தம்பிக்கு அம்மை போட்டுவிட்டது. அவனை விட்டுவிட்டு யாரும் போகக் கூடாது என்றாள் அம்மா. மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்து அழுதார்கள். அப்பா வந்து பார்த்தார். "நாம அங்க போக முடியலைன்னா என்ன, அது இங்க வரும்," என்றார். பட்டறையில் கழித்துப் போட்ட லாரி அச்சு, தண்ணீர்க் குழாய்கள், பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாய்கள். தம்பியின் உடம்பு தேறி அவன் எழுந்து நடப்பதற்குள் கொல்லையில் ராட்டினம் நின்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு பீப்பாய், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அப்பா கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார். அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து, "மெதுவா, மெதுவா," என்பாள். அவள் சொல்லச் சொல்ல வேகம் கூடும்.

"தம்பி முதல் சுத்துலயே வாந்தி எடுத்தான்," என்றாள் அக்கா.

"அது அண்ணன் பண்ணின வேலை. புறப்படுது புறப்படுதுன்னு தகரப் புனலை வாயில வச்சுக் கத்திக்கிட்டே இருந்தார். பயந்துட்டேன்," என்றான் தம்பி.

"அறிவிப்பு இல்லாம வண்டி எடுக்கக் கூடாது," என்றார் மைக்காரர்.

மூன்று பேரும் சிரித்தார்கள். தெருப் பிள்ளைகளெல்லாம் வரிசையில் நின்றதும், கிழிந்த பேருந்து டிக்கெட்டுகளை அக்கா இரண்டாம் முறை கிழித்துக் கொடுத்ததும், தனக்குப் பிடிக்காத பிள்ளைகளை, "இன்னைக்கு டிக்கெட் தீர்ந்துடுச்சு" என்று திருப்பியனுப்பியதும் ஒவ்வொன்றாக வந்தது.

"சரி, அவங்க வந்தா டிக்கெட் கொடுக்கிற இடம் எங்க வைப்பாங்க?" என்று தம்பி கேட்டான்.

"இதோ இங்கதான்," என்று அக்கா தான் உட்கார்ந்திருந்த கல்லைத் தட்டினாள். "இதைவிட நல்ல இடம் அவங்களுக்கு எங்க கிடைக்கும்?"

"கோட்டை?"

"அம்மாவோட சமையலறையை இடிக்க விடமாட்டேன். கோட்டையை மொட்டை மாடியில கட்டிக்கட்டும்."

"பெரிய ராட்டினம்?"

"அதான் நிக்குதே," என்றாள் அக்கா.

தம்பி எழுந்து போய்ப் பச்சைப் பீப்பாயில் உட்கார்ந்து பார்த்தான். அவன் உடம்புக்கு அது போதவில்லை. முழங்கால் மோவாயில் இடித்தது. அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"கம்பெனி வர்ற வரைக்கும் இந்த வீட்டை விக்கிற பேச்சே வேணாம், அண்ணா," என்றான். "என்ன அக்கா?"

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றாள் அக்கா. எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

மைக்காரர் எதற்காக அத்தனை பொய்யும் சொன்னாரோ அது கையில் வந்து விழுந்தது. ஆனால் அவர் சந்தோஷப்படவில்லை. அக்காவின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் இன்னும் எத்தனை காலம் மாடிப்படி ஏறுவாள்? வராத கம்பெனிக்காகக் காத்திருந்து, கடையைக் காலி பண்ணச் சொன்னால் சின்னவன் எங்கே போவான்? வராத வண்டிக்கு மூட்டை முடிச்சோடு நிற்கிற ஜனங்களைக் கூண்டுக்குள்ளிருந்து பார்ப்பது ஒரு விஷயம். அந்த வரிசையில் அக்காவும் தம்பியும் நிற்பதைப் பார்ப்பது வேறு.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். வரவில்லை. ஊருக்கே கேட்கிற குரல் கொல்லைக்குள் எழும்பவில்லை.

அன்று முழுக்க மனைவியிடம் புலம்பினார். அவள் கேட்டுவிட்டு, "அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியலைன்னா, வீட்டை வித்துக் கொடுத்துட்டுச் சொல்லுங்க. அப்ப திட்டினாலும் உறைக்காது," என்றாள்.

அதுதான் சரி என்று தோன்றியது. அந்தக் கொல்லை தனக்கு எவ்வளவு பெரிதோ, அதைவிட அவர்கள் இரண்டு பேரும் பெரிது. இதை யோசித்து முடிக்க ஒரு நாள் ஆயிற்று. முடித்த கையோடு, அதுவரை தவிர்த்து வந்த தெருவுக்குள் நுழைந்தார்.

தரகர் வாசலில் தூங்கிக்கொண்டிருந்தார். மைக்காரரின் செருப்புச் சத்தத்துக்குக் கண் விழித்து, "வாங்க சார், உக்காருங்க. உங்க புண்ணியத்துல கடையில இப்ப நிறைய இடம் இருக்கு," என்றார்.

மைக்காரர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மனசு மாறிவிடும் என்று பயந்தார்.

"ராட்டினக் கம்பெனி எதுவும் வரலை. நான் சொன்னது பொய்," என்றார்.

"தெரியும் சார்."

"தெரியுமா? அப்புறம் ஏன் ஊருல யார்கிட்டயும் சொல்லலை?"

"நீங்களே மைக்குல சொல்லி எடுபடலை, நான் சொல்லியா எடுபடப் போவுது?"

மைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்கு வந்தாரே, அவரைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க. வீட்டைக் கொடுத்துடலாம். ராட்டினத்தை நீங்க சொன்னபடியே..." அதற்கு மேல் அந்தச் சொல் வரவில்லை. "அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு வழி பிறக்கணும். நான் எனக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவங்க பாவம், அதை நம்பிட்டு உக்காந்திருக்காங்க."

தரகர் எழுந்தார். பிறகு உள்ளே போய் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, தோளைப் பிடித்து அவரை உட்கார வைத்தார்.

"வீட்டைக் கொடுக்கிறீங்களான்னு நான்தான் சார் முதல்ல வந்து கேட்டேன். அப்ப மூணு பேருமே, மத்த ரெண்டு பேரும் சரின்னா சரின்னுதான் சொன்னீங்க. நான் அதை விக்கச் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். என் தப்பு."

"அதனாலென்ன, இப்ப நான் தெளிவா சொல்றேனே. வித்துடுங்க."

"முடியாது சார்," என்றார் தரகர். "நாடாவைச் சுருட்டின அன்னைக்கே உங்க அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்னு தனித்தனியா வந்து, 'அது பொய்தான், ஆனா அது உடையாம நான் பாத்துக்கறேன், நீங்க ஆளைக் கூட்டிட்டு வந்து கெடுத்துடாதீங்க'ன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுட்டுப் போயிட்டாங்க, அந்த வீட்டை விக்கணும்னு என் கடைப் படியேறி வந்த ஒரே ஆளு நீங்கதான்."